விதை இல்லை, பழம்

தில்லி சரோஜினி நகர் மார்க்கெட்டில் காலையில் அப்போதுதான் வண்டியை நிறுத்தி ஸ்ட்ராபெரி அடுக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், "பையா, நீங்க விக்கிறது பழமே இல்ல" என்று சொன்ன ஆள் எனக்குத் தெரிந்து அக்கா ஒருத்திதான். அந்த ஆள் பயந்துபோனார். கார்ப்பரேஷன்காரி என்று நினைத்திருப்பார். அக்கா ஒரு பழத்தை எடுத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டி, ஆண்பால் பெண்பால் குழம்பிய தன் இந்தியில் பாடம் நடத்தினாள். இந்தச் சிவப்புச் சதை வெறும் பூவின் அடிப்பாகம், ஊதிப்போய் நிற்கிறது. மேலே குத்திக் குத்தி இருக்கிறதே புள்ளி, அதுதான் பழம். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிப் பழம்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி பெஹன்ஜி, பழத்தையெல்லாம் நீங்க பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போங்க. மிச்சத்தை நான் வித்துக்கிறேன்" என்றார். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று இருந்தது. அக்காவுக்குக் கோபமே இல்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும், "ஒத்துக்கிட்டான் பாத்தியாட்டி" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கூடப்பிறந்த அக்கா இல்லை. அவள் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதிலும் ஒரு திருத்தம் வரும். திருநெல்வேலிப் பக்கம். தில்லியில் தாவரவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் மதுரைக்காரி, குர்கானில் ஒரு கம்பெனியில் வேலை. முனிர்காவில் ஒரு வீட்டின் மூன்றாம் மாடியில் ஒரு அறை, ஒரு துண்டு சமையலறை, இரண்டு பேருமாக நான்கு வருடம் இருந்தோம். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியை எடுத்து உடுத்திக்கொள்ளலாம். அந்த நெருக்கத்துக்குள் என்னையும் வைத்துக்கொண்டு அவள் ஆராய்ந்தது அக்கீனை.

அக்கீன் என்றால் என்ன என்று எனக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை. ஒரு பழம், அதற்குள் ஒரே ஒரு விதை. சதை கிடையாது, சாறு கிடையாது, காய்ந்துபோன தோல். முற்றினாலும் வெடிக்காது, திறக்காது. பார்க்கிறவர்களெல்லாம் அதை விதை என்றே நினைத்துக்கொள்வார்கள். நாம் சூரியகாந்தி விதை என்று கொறிப்பது உண்மையில் முழுப் பழம், உரித்தால் உள்ளே இருப்பதுதான் விதை. வெளித்தோலும் விதையும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒட்டியிருக்கும். அந்தச் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'வாய் திறக்காதது' என்று அர்த்தமாம். வாய் திறக்காத பழத்தைப் பற்றி ஏழு வருடம் ஆராய்ந்தவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை.

பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் சூரியகாந்தி கொறித்தால் போதும், நான் எழுந்து முன்பக்கம் போய்விடுவேன். எப்படியும் அவரிடம் ஆரம்பிப்பாள். ஒருமுறை ஒரு பெரியவர் கையில் இருந்த பொட்டலத்தை அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டார். அவர் இறங்க வேண்டிய ஸ்டாப் அது இல்லை என்று கண்டக்டர் சொன்னார்.

ஒருநாள் நான் வைத்த ரசத்தில் ஒரு காரியம் நடந்துவிட்டது. குளிர்காலத்தில் தில்லி நடைபாதை ஓரமெல்லாம் மஞ்சளாகப் பூக்கும் ஒரு களைச்செடி உண்டு. அதன் காய்ந்த பழங்களை அவள் பொறுக்கி, சுத்தம் செய்து, ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருந்தாள். லேபில் எலித் தொல்லை என்று அதை எங்கள் அடுப்படி அலமாரியில் வைத்தது அவள் தப்பு. சீரகம் மாதிரியே இருந்தது அந்தச் செடியின் தப்பு. தாளித்துக் கொட்டினேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் அக்கா அலமாரியைப் பார்த்தாள்.

"ஏட்டி, அந்தப் பாட்டில்ல இருந்தது எங்க?"

விஷயம் புரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான்கு மாதம் வெயிலிலும் பனியிலும் நடந்து சேர்த்தது. "ஐயோ அக்கா, தெரியாம உங்க விதையைப் போட்டுத் தாளிச்சுட்டேன்" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "எதப் போட்டு?"

"விதையை."

"இங்க பாரு. நாலு மாச வேல போச்சு, சரி. சேத்துக்கிடலாம். விதன்னு சொல்லாத. ரசத்துல நீ பழம் போட்டுருக்க."

விஷமா இல்லையா என்று நானாகக் கேட்டபிறகுதான், "அதெல்லாம் ஒண்ணும் செய்யாது, ஊர்ல கீரையா திங்காவ" என்றாள். நான் சாகமாட்டேன் என்பதை அவள் இரண்டாவதாகச் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்தக் குணத்தால் அவள் பட்டதும் உண்டு. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா மத்திய அரசு வேலை. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பையன். திருநெல்வேலியில் அக்காவின் அப்பா ஜாதகமெல்லாம் பார்த்துப் பேசிவிட்டு, சும்மா ஒரு டீ குடித்துவிட்டு வா என்று அவளை அனுப்பினார். துணைக்கு நான். பையன் பார்க்க நன்றாக இருந்தான். ஒரு தட்டை நீட்டி, "டிரை ஃப்ரூட்ஸ் எடுத்துக்கோங்க. ஹெல்த்துக்கு ரொம்ப அச்சா" என்றான்.

நான் அவள் காலை மிதித்தேன். பயனில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பாதாம், விதை. பிஸ்தா, விதை. முந்திரி, விதை. திராட்சை ஒன்றுதான் பழம், அதைத் தனியே வைத்தாள். பிறகு ஒரு காய்ந்த அத்தியை இரண்டாகப் பிய்த்து, உள்ளே நறநறவென்று இருப்பது ஒவ்வொன்றும் ஒரு பழம், ஆக ஒரு அத்திக்குள் நூற்றுக்கணக்கில் பழம் இருக்கிறது என்றாள். பையனின் அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தகவல் வந்தது. பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனால் கூட உட்கார்ந்து நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது போலிருக்கிறது என்று.

"சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லியே" என்றாள் அக்கா. ஆனால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அத்திய பிச்சு காட்டும்போது அந்தப் பையன் கிட்ட வந்து பாத்தாம்ட்டி" என்றாள்.

எனக்கு அவள்மேல் பாவமும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஒரு அரைமணி நேரம் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லக்கா?"

"இருக்கலாம். ஆனா ஒரு பொருளு தப்பான பேர்ல கெடந்தா எனக்குச் செருப்புக்குள்ள கல்லு கெடக்க மாதிரி இருக்கு. நான் என்ன செய்ய?"

பொய்யும் அவளுக்கு அந்தக் கல்தான். எங்கள் வீட்டுக்கார அம்மாள் கீழ்த்தளத்தில் இருந்தார். நாங்கள் ஆன்ட்டி என்போம். புருஷன் இல்லை, ஒரே மகளை ரோத்தக்கில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். ஹரியானா வாடை அடிக்கும் அதட்டல் இந்தி. இங்கே தமிழில் எழுதுகிறேன், பாதி அதட்டல் குறைந்துபோகும். வீட்டில் முட்டை கூடாது என்பது அவர் சட்டம். ஒருநாள் மோப்பம் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து நின்றார். நான் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "எதிர்வீடா இருக்கும் ஆன்ட்டி" என்றேன். ஆன்ட்டி அக்கா பக்கம் திரும்பினார்.

"மூணு முட்டை ஆன்ட்டி" என்றாள் அக்கா. "ரெண்டு இவளுக்கு, ஒண்ணு எனக்கு."

ஒரு மாதம் மாடிப்படி முழுவதும் கழுவிவிட வேண்டும் என்று தண்டனை. நான்தான் கழுவினேன், இரண்டு முட்டை எனக்கு என்பதால். அன்றிலிருந்து ஆன்ட்டி என்னிடம் எதையும் கேட்பதை விட்டுவிட்டார். தண்ணீர் மோட்டார் யார் போட்டது, கேட்டை யார் திறந்து வைத்தது, எல்லாம் அக்காவிடம்தான். "இந்தப் பொண்ணு வாயில பொய் வராது" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

இனி சொல்லப்போவது மார்ச் முடிந்து வெயில் ஏறும்போது வரும் நவராத்திரியில் நடந்தது. நம் ஊரில் புரட்டாசியில் கொலு வைப்பதோடு சரி. தில்லியில் வருடத்துக்கு இரண்டு முறை, ஒன்பது நாள் விரதம். அரிசி, கோதுமை, பருப்பு எதுவும் கிடையாது. பழம் சாப்பிடலாம், பால் குடிக்கலாம், குட்டு மாவில் ரொட்டி சுடலாம். குட்டு என்றால் நமக்குத் தலையில் விழுவது. இவர்களுக்கு அது மலைப்பக்கம் விளையும் ஒரு செடி, முக்கோணமாக, பழுப்பாக, மிளகைவிடச் சின்னதாக ஒரு மணி. அது தானியமில்லை, ஆகையால் பழ ஆகாரம் என்பது இந்த ஊர்ப் பெண்களின் தீர்ப்பு. அக்கா தில்லிக்கு வந்த முதல் வருடம் இதைக் கேட்டு ஆடிப்போய்விட்டாளாம். ஏனென்றால் குட்டு அசல் அக்கீன். "இந்த ஊருலயே பழத்தைப் பழம்னு சொல்லுதது விரதக்காரப் பொம்பளையளு மட்டுந்தான்" என்று பெருமைப்படுவாள். தீபாவளியைவிட அவளுக்கு அந்த ஒன்பது நாள்தான் பண்டிகை.

அந்த வருடம் ஆன்ட்டிக்கு விரதம் விளையாட்டில்லை. மகளுக்கு இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. இப்போது மூன்றாவது, ஆறாம் மாதம். குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று ஆன்ட்டி வேண்டிக்கொண்டிருந்தார். ஒன்பது நாளும் வெறும் பழம், குட்டுகூட வேண்டாம் என்று. போன வருடம் அடுத்த தெருவில் பழைய குட்டு மாவு சாப்பிட்டு ஒரு குடும்பமே வாந்தியெடுத்துப் படுத்ததில் அவருக்குக் குட்டு மேல் பயம். ஆன்ட்டி சர்க்கரை வியாதிக்காரர் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. வாழைப்பழம், சப்போட்டா, திராட்சை என்று மூன்று நாள் தின்றதில் நாலாம் நாள் காலை தலைசுற்றிக் குழாயடியில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள்தான் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் ரத்தம் குத்திப் பார்த்துவிட்டுக் கத்தினார். "பழத்தை நிறுத்துங்க. ரெண்டு ரொட்டி, சுரைக்காய் சப்ஜி சாப்பிடுங்க. நாளைக்கும் இப்படி இருந்தா ஆஸ்பத்திரியில சேர்க்கணும்." ஆன்ட்டி கையை எடுத்துக் கும்பிட்டார், டாக்டரை அல்ல, அவர் மேஜைமேல் இருந்த துர்கா மாதா படத்தை. "என் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க?" என்று எழுந்து வந்துவிட்டார். ரோத்தக்கிலிருந்து மகள் போனில் அழுதாள். "அம்மா, எனக்காக ரொட்டி சாப்பிடும்மா." ஆன்ட்டி போனை வைத்துவிட்டு ஒரு கொத்து திராட்சையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அக்கா உள்ளங்கை நிறையக் கோதுமையோடு இறங்கி வந்தாள். எனக்கு அப்போதே தெரியும். "ஆன்ட்டி, நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கோதுமையும் பழந்தான். காஞ்ச பழம், ஒரே விதை. குட்டுல தோல் தனியா இருக்கும், இதுல தோலும் விதையும் ஒட்டிப் போயிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். நீங்க தாராளமா சாப்பிடலாம்."

ஆன்ட்டி அமைதியாகக் கேட்டார். "இந்த வீடு இருக்கிற இடம் என் மாமனார் காலத்துல என்னவா இருந்துச்சு தெரியுமா? கோதுமை வயல். நூறு வருஷமா எங்க ஆளுங்க விதைச்சாங்க. எந்த மடையனும் அதைப் பழத்தோட்டம்னு சொன்னதில்ல. மேல போ."

அக்கா போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, அப்படியானால் குட்டாவது சாப்பிடுங்கள் என்று கெஞ்சினாள். அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. ஆன்ட்டி வெகுநேரம் யோசித்தார். "நீயே போய், நீயே உன் கண்ணாடியில பார்த்து, நல்ல குட்டு கொண்டுவந்தா சாப்பிடறேன். கடைக்காரன் பேச்சை நம்பமாட்டேன். நீ குட்டுன்னு சொன்னா அது குட்டு."

அக்காவின் கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். அதோடு கிளம்பினோம். முனிர்காவில் ஆரம்பித்து ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை கடை கடையாக ஏறி இறங்கினோம். நவராத்திரி நாலாம் நாள், முழுக் குட்டு எல்லா இடத்திலும் தீர்ந்துவிட்டிருந்தது. மாவாக அரைத்தது இருந்தது. அதை அவள் தொடமாட்டேன் என்றாள்.

"வாங்குங்கக்கா, இதுவும் நல்லாத்தான் இருக்கு. கடைக்காரர்கூட இந்த வாரம் வந்ததுன்னு சொல்றாரே."

"மூணு மூலையும் முழுசா இருந்தா நான் சொல்லுவேன் இது குட்டுன்னு. மாவா போனப்புறம் எது எதுன்னு எவளால சொல்ல முடியும்? அவிய என்னய நம்பிக் கேக்காவட்டி."

சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினோம். ஆன்ட்டி கட்டிலில் சுருண்டு கிடந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. சொம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னும் கேட்டார். தலைமாட்டில் திராட்சைக் காம்புகள் கிடந்தன. அக்கா விடுவிடுவென்று மேலே ஏறினாள். நான் மூச்சு வாங்க ஏறி வந்தபோது எங்கள் டப்பாவைத் திறந்து கோதுமை மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நமக்கா அக்கா?"

அவள் பிசைவதை நிறுத்தவில்லை. உப்பு மட்டும் எங்கள் உப்பைப் போடாமல், விரதத்துக்குச் சேரும் என்று போன வருடம் ஆன்ட்டி கொடுத்திருந்த இந்துப்பைத் தேடி எடுத்துப் போட்டாள். சுரைக்காயை வதக்கி வைத்துவிட்டு இரண்டு ரொட்டி சுட்டாள். அவள் சுட்டதிலேயே நல்ல ரொட்டி அன்றைக்குத்தான். பூரி மாதிரி உப்பி நின்றது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் மறைக்கவே இல்லை, தட்டில் வைத்து நேராக எடுத்துப் போனாள். நான் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றேன்.

ஆன்ட்டி எழுந்து உட்கார்ந்து ரொட்டியைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "குட்டுதானே?"

"ஆமா ஆன்ட்டி."

"நீயே பார்த்து வாங்கினியா?"

"நானே பாத்தேன்."

"மூணு மூலையும் இருந்துச்சா?"

அக்காவின் காது இரண்டும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. "இருந்துச்சு" என்றாள்.

ஆன்ட்டி மாதா படத்தின் பக்கம் ஒருமுறை திரும்பிக் கும்பிட்டுவிட்டு ரொட்டியைப் பிய்த்தார். சுரைக்காயோடு இரண்டையும் சாப்பிட்டு முடித்தார். "நல்ல குட்டு" என்றார்.

மேலே வந்ததும் அக்கா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் ஆறுதலாக, "கோதுமையும் பழந்தானக்கா, நீங்கதானே சொன்னீங்க?" என்றேன். "பழந்தான். ஆனா குட்டு இல்லியே" என்றாள்.

அதற்கப்புறம் ஐந்து நாளும் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. ஆன்ட்டி தெளிந்துவிட்டார், மறுபடி கேட்டருகே நின்று யாரையாவது அதட்ட ஆரம்பித்தார். படுத்தது அக்காதான். சாமி பூதமெல்லாம் கிடையாது என்று என்னோடு சண்டை போட்டவள், ரோத்தக்கில் இருக்கும் பெண் சாப்பிட்டாளா, கால் வீங்கியிருக்கிறதா, டாக்டர் என்ன சொன்னார் என்று தினம் கீழே போய் விசாரித்தாள். என் கம்பெனிக்காரி ஒருத்தி எங்கள் அறையில் உட்கார்ந்து ஒரு பாக்கெட் சூரியகாந்தியைத் தின்று, "இந்த விதை சூப்பரா இருக்குப்பா" என்றாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் துணி மடித்தாள்.

ஒன்பதாம் நாள் தெருவிலிருந்த சின்னப் பெண்பிள்ளைகளை உட்காரவைத்து, காலைக் கழுவி, பூரியும் அல்வாவும் கொடுத்து ஆன்ட்டி விரதத்தை முடித்தார். அக்காவையும் கூப்பிட்டு அனுப்பினார். அவள் நேராகப் போய், "ஆன்ட்டி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். ஆன்ட்டி ஒரு உருண்டை அல்வாவை அவள் வாய்க்குள் திணித்தார். முழுங்கிவிட்டு, "இல்ல ஆன்ட்டி, அந்த ரொட்டி" என்றாள். இன்னொரு உருண்டை. மூன்றாவது உருண்டைக்கு அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மேலே வந்துவிட்டாள்.

ஜூன் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆன்ட்டி படியில் நின்று கத்திச் சொன்னதும், அக்கா நின்ற இடத்திலேயே படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு அழுகை. தனக்குப் பிறந்திருந்தால்கூட அப்படி அழுதிருப்பாளா தெரியாது.

அதே வருடம் ஆராய்ச்சி முடிந்து, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். நான் அதே அறையில் இருந்தேன். அடுத்த நவராத்திரிக்கு ஆன்ட்டி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு குட்டு பிசைந்துகொண்டிருந்தார். மாவு கையில் ஒட்டிப் பிசுபிசுத்தது, வேகவைத்த உருளைக்கிழங்கைச் சேர்த்துப் பிசைந்தும் தட்டும்போதே விண்டது. கல்லில் போட்டால் கறுத்துத் தட்டையாகக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன பார்க்கிற? குட்டு ரொட்டி உப்பாது மகளே. நாற்பது வருஷமா சுடறேன், ஒண்ணாவது உப்பினதில்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். எங்கள் பொய் தட்டில் உப்பிக்கொண்டு போயிருக்கிறது.

"அப்ப உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா ஆன்ட்டி?"

"கண் தெரியாதவளா நான்?" ஆன்ட்டி அடுத்த ரொட்டியைத் தட்டினார். "தெரியாம தின்னா விரதம் முறியாது, பாவம் ஊட்டினவளுக்கு. எங்க பக்கம் அப்படித்தான். அதனாலதான் மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் அவ வாயால சொன்னா. நான் சாப்பிட்டேன்."

"அல்வா?"

"வாயைத் திறந்து சொல்லிட்டான்னா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடுமே. அவகிட்ட சொல்லாத. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா, நான் தெரிஞ்சே தின்ன மாதிரி. இவளுக்காக வச்ச விரதம்." பேத்தியின் தலையைத் தடவினார். "ஊட்டினவளுக்கும் ஒண்ணும் வராது. அவ பேருக்கும் சேர்த்துத்தான் இப்ப இருக்கேன்."

ஒவ்வொரு நவராத்திரிக்கும் பாளையங்கோட்டையிலிருந்து எனக்குப் போன் வரும். கல்லூரிக் கதையெல்லாம் பேசிவிட்டு, கடைசியில், "ஏட்டி, ஆன்ட்டிக்குத் தெரியாதுல்லா?" என்பாள். "தெரியாதுக்கா" என்பேன். எனக்குப் பொய் கஷ்டமில்லை, முட்டை விஷயத்திலேயே பார்த்திருப்பீர்கள்.

போன நவராத்திரிக்கும் பேசினாள். "மூணு வாட்டி கேட்டாவ பாத்தியா? நாலாவது ஒரு வாட்டி கேட்டிருந்தா நான் உண்மைய சொல்லிருப்பேன்ட்டி. தொண்ட வரைக்கும் வந்துட்டு."

"நாலாவது வாட்டி கேக்க மாட்டாங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். ஹலோ ஹலோ என்றேன். அக்கா இருந்தாள், அவள் மூச்சு கேட்டது.

"அந்தப் பிள்ள நல்லாருக்காளா?" என்றாள்.

"நல்லாருக்காக்கா. ஆன்ட்டியோட மூக்குக்கண்ணாடியை ஒளிச்சு வச்சுட்டு எடுத்துத் தரமாட்டேங்கிறா."

"அப்பம் சரி" என்றாள் அக்கா. "நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல, கேட்டியா?"